கடைக் கணக்கும் பங்குக் கணக்கும்

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும் உள்ள புடைவைக் கடைகளுக்கும் கொட்டாஞ்சேனையின் பலசரக்குக் கடைகளுக்கும் பொதுவான ஒரு வியாபாரப் பாடம் உண்டு: இலாபத்தைக் குறை, விற்பனையைக் கூட்டு. ஒரு சேலைக்கு நூறு ரூபாய் மட்டும் வைத்தாலும், நாளுக்கு நூறு சேலை போனால் பத்தாயிரம். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது பங்கு வாங்கி விற்பதற்கான சிடிஎஸ் எனும் மத்திய வைப்புக் கணக்கைக் கைபேசியிலேயே திறக்கிறார்கள். காலை ஒன்பதரைக்குப் பங்குச் சந்தை தொடங்கியதும் வாங்கி, பிற்பகல் இரண்டரைக்கு மூடுமுன் விற்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சிறிது கிடைத்தால் போதும், தடவைகளைக் கூட்டினால் மாதச் சம்பளம் வந்துவிடும் என்பது அவர்களது கணக்கு. கடையில் சரியாக வரும் இந்தக் கணக்கு கொழும்புப் பங்குச் சந்தையில் ஏன் பிழைக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இதில் கரைவது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

கடைக்காரர் சேலையைப் புறக்கோட்டையில் மொத்த விலைக்கு எடுத்து வெள்ளவத்தையில் சில்லறை விலைக்குக் கொடுக்கிறார். சேலையை விரித்துக் காட்டும் முன்பே இலாபம் விலைச்சீட்டில் இருக்கிறது. பங்கை ஒரே நாளில் வாங்கி விற்பவருக்கு அப்படி இரண்டு சந்தைகள் இல்லை. உடனே வாங்க வேண்டுமென்றால் விற்பவர் கேட்கும் கூடிய விலையைக் கொடுக்கிறார். உடனே விற்க வேண்டுமென்றால் வாங்குபவர் சொல்லும் குறைந்த விலையை ஏற்கிறார். சில்லறை விலைக்கு எடுத்து மொத்த விலைக்குக் கொடுப்பது அவர்தான். அந்த இடத்தில் அவர் வாடிக்கையாளர்.

இதன்மேல் கட்டணங்கள் ஏறுகின்றன. வழமையான வீதப்படி வாங்கும்போது தரகுக் கூலி 0.64 சதவீதம், பங்குச் சந்தைக்கு 0.084, மத்திய வைப்புக்கு 0.024, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் செஸ் 0.072, அரசின் பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி 0.3. கூட்டினால் 1.12 சதவீதம். விற்கும்போதும் அதே 1.12. ஓர் இலட்சம் ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு விற்றால் 2,240 ரூபாய் போய்விடும். முதல் கைக்கு வரவே விலை ஏறத்தாழ 2.27 சதவீதம் ஏற வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை முழுப்பணத்தையும் இப்படிச் சுழற்றுபவர், வருடத்துக்கு ஐம்பது தடவை என்று வைத்தாலும், செலவாக மட்டும் தன் முதலைவிடக் கூடிய தொகையைக் கட்டுகிறார். ஒரே நாள் வர்த்தகத்துக்குத் தரகர் சலுகை தந்தால் வீதம் இறங்கும். ஆனால் தடவை கூடக் கூடச் செலவு தவறாமல் கூடும்.

மலிவான பங்குகளில் நிலைமை இன்னும் கடுமை. விலை பத்துப் பத்துச் சதமாகத்தான் நகரும். 5.00 ரூபாய்க்கு வாங்கவும் 5.10 ரூபாய்க்கு விற்கவும் ஆட்கள் நிற்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 5.10 கொடுத்து வாங்குகிறீர்கள். கட்டணத்தோடு அது 5.16 ஆகிறது. 5.20க்கு விற்றால் கட்டணம் போகக் கைக்கு வருவது 5.14. விலை ஏறியிருக்கிறது, நீங்கள் நட்டப்பட்டிருக்கிறீர்கள். வாங்க நிற்பவரின் விலை 5.00 ரூபாயிலிருந்து 5.30க்கு, அதாவது ஆறு சதவீதம் உயர்ந்த பிறகுதான் ஏழெட்டுச் சதம் மிஞ்சும். மலிவான பங்கில் பத்துச் சதம் ஏறினாலே போதும் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

இனி திறமைக்கு வருவோம். ஒருவர் பத்தில் ஆறு தடவை சரியாகக் கணிக்கிறார் என்று வைப்போம். சரியானால் 4 சதவீதம் இலாபம், பிழைத்தால் 3 சதவீதம் நட்டம். சராசரியாக ஒரு தடவைக்கு 1.2 சதவீதம் அவருக்குச் சாதகம். மெச்சத்தக்க கணிப்புத்தான். ஆனால் இலட்சம் ரூபாயாக நூறு தடவை செய்தால் விலை வித்தியாசத்தில் 1,20,000 ரூபாய் வருகிறது, கட்டணமாக 2,24,000 போகிறது. நிகர நட்டம் 1,04,000. இருநூறு தடவை செய்தால் நட்டமும் இரட்டிக்கும். எண்ணிக்கைக்குச் செய்யத் தெரிந்தது பெருக்குவது மட்டுமே. செலவு போக மிஞ்சுவது ஒரு சதமாக இருந்தாலும் அதைப் பெருக்கலாம். மிஞ்சுவது கழித்தல் என்றால் கழித்தலைத்தான் பெருக்கும். இதே ஆள் பொறுத்திருந்து, சராசரியாக 4 சதவீதம் தரக்கூடிய பன்னிரண்டு சந்தர்ப்பங்களை மட்டும் எடுத்திருந்தால் 21,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும்.

கட்டணம் கொழும்பைவிட மிகக் குறைந்த இந்தியாவிலும் இதுதான் நடக்கிறது. அங்கே பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 யூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்ற தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டப்பட்டனர். வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அந்த விகிதம் 80 சதவீதம். தைவானில் ஒரே நாள் வர்த்தகர்களின் 1992 முதல் 2006 வரையான பதிவுகளை ஆராய்ந்த பார்பர், ஒடீன் ஆய்வுக் குழுவினர், செலவு போகத் தொடர்ந்து இலாபம் எடுக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று கண்டனர். அந்தச் சிலர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. நிலையான சாதகம் என்பது கற்பனை அல்ல, மிக அரிது.

அந்தச் சிலரில் தாமும் ஒருவரா என்று ஒருவர் எப்படி அறிவது? எண்ணிக்கை இங்கேதான் தேவைப்படுகிறது. செலவு போக ஒரு தடவைக்கு அரை சதவீதம் மெய்யாகவே மிஞ்சுகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் முடிவு ஐந்து சதவீதம் அளவில் மேலும் கீழும் ஆடுகிறது என்போம். இருபத்தைந்து தடவைக்குப் பிறகும் சராசரியில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் ஒரு சதவீதம், அதாவது தேடும் சாதகத்தைப் போல் இரு மடங்கு. ஓரளவு நம்பிக்கையோடு பேச நானூறு தடவை வேண்டும். ஒரே நாளில் சேர்ந்து ஏறிய பத்துப் பங்குகளைப் பத்துத் தடவை என்று எண்ணவும் முடியாது. அது ஒரே அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்தைத் திறமை என்று எண்ணும் மயக்கத்தைக் கொழும்புச் சந்தை பல தடவை தந்திருக்கிறது. போர் முடிந்த 2009இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 125 சதவீதமும், மறுவருடம் 96 சதவீதமும் ஏறியது. அப்போது எதை வாங்கியவரும் கெட்டிக்காரர். 2011இன் தொடக்கத்தில் உச்சம் தொட்ட பிறகு, தரகரிடம் கடனுக்கு வாங்கியவர்கள் விலை விழ விழ விற்கவேண்டி வந்தது. 2022 சனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 18ஆம் திகதியிலிருந்து சந்தை ஐந்து நாள் மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்தபோது வீழ்ச்சியின் வேகத்தில் அன்றே மீண்டும் நிறுத்தவேண்டி வந்தது. இரண்டு வருட ஏற்றத்தில் சேர்ந்த நூற்றுக்கணக்கான வெற்றிகள், விற்கவே முடியாத ஒரு வாரத்தைப் பற்றி எதையும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆகவே நானூறு தடவையையும் பணத்தில் செய்யத் தேவையில்லை, கொப்பியில் செய்யலாம். வாங்க நினைத்த நேரம், அப்போது கேட்கப்பட்ட விலை, விற்க நினைத்தபோது கிடைத்திருக்கக்கூடிய விலை, இரு பக்கக் கட்டணம், மிச்சம். அதோடு, சுட்டெண் இறங்கிய நாட்களைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே வர்த்தகம் செய்பவர்கள் தரகர் அனுப்பிய கணக்குக் கூற்றுகளை எடுத்து, கட்டணங்களை மட்டும் முதலில் கூட்டட்டும். மிச்சம் உண்மையாகவே இருந்தால், அது எவ்வளவு பணத்தைத் தாங்கும் என்பது அடுத்த கேள்வி. கொழும்பில் பல பங்குகளில் சில இலட்சம் ரூபாய்க்கான ஒரு கட்டளையே வரிசையில் நிற்பவர்களை முடித்து விலையை நகர்த்திவிடும். கொப்பியில் 5.10க்கு வாங்கிய பங்கு, தொகையைப் பெருக்கியதும் 5.20க்குத்தான் கிடைக்கும்.