அடுக்களை வேள்வி யாருடைய கடமை?

பருப்பை வேகவைத்து, மணப்பொருள்களைத் தாளித்துச் சேர்க்கும் ஓர் உணவு இந்தியாவின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் அன்றாடம் தயாராகிறது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அது அரஹர் தால், வங்கத்தில் மசூர் தால், குஜராத்தில் வெல்லமும் புளிப்பும் கலந்த தால், ஆந்திரத்தில் பப்புசாரு, தமிழகத்தில் பருப்பு ரசம். பெயரும் சுவையும் மாநிலத்திற்கு மாநிலம் மாறுகின்றன. ஆனால் வீட்டில் அதைச் சமைப்பவர் பெரும்பாலும் ஒரு பெண் என்பது மட்டும் எங்கும் மாறுவதில்லை.

சமைத்தல் ஒரு வேள்வி என்று நம் முன்னோர் போற்றினர். இன்றும் ஆன்மிகச் சொற்பொழிவுகளில் அடுக்களை ஒரு கோயிலாகவும், சமைப்பவள் அன்னபூரணியாகவும் வர்ணிக்கப்படுவதுண்டு. இந்தப் புகழுரை உண்மையைச் சொல்கிறதா, அல்லது ஒருவருடைய உழைப்பை மற்றவர்கள் காணாதிருக்க உதவும் இனிய திரையாக நிற்கிறதா? இல்லறத்தில் வாழ்பவர் அனைவரும் சிந்திக்க வேண்டிய அறக்கேள்வி இது.

ஒரு கிண்ணப் பருப்பில் அடங்கியவை

முதலில் அந்தச் செயலையே சற்றுக் கவனிக்கலாம். வட இந்திய இல்லம் ஒன்றில் ஒரு கிண்ணம் துவரம்பருப்பு கல்லும் தூசும் நீக்கப்பட்டு, நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை களையப்படுகிறது. அரை மணி நேரம் ஊறியபின், மஞ்சளும் உப்பும் சேர்ந்து மூன்று மடங்கு நீரில் வேகிறது. பருப்பு பழையதானால் அதிக நேரம் பிடிக்கும். நீர் கடினமானதானால் அதிலுள்ள கால்சியம் பருப்பை எளிதில் மசிய விடாது. புளியையோ தக்காளியையோ முன்னதாகவே சேர்த்துவிட்டால் புளிப்பு அதை வேகவிடாமல் தடுக்கும். வெந்தபின் நெய் காய்ச்சி, சீரகம், பெருங்காயம், மிளகாய் வற்றல் ஆகியவற்றைத் தாளித்துக் கொட்ட வேண்டும். சீரகம் பொரிவதற்கும் கருகுவதற்கும் இடையே சில விநாடிகளே உள்ளன. அந்த விநாடிகளில் சமைப்பவரின் மனம் வேறெங்கும் அலைய முடியாது.

இவ்வளவும் எளிய குடும்பங்களின் ஆரோக்கியத்தைத் தாங்கி நிற்கும் வேலை. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. சோறும் பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன.

அந்தக் கிண்ணத்திற்குள் வேறு பலரும் இருக்கின்றனர். துவரைச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துச் செடிக்கு உணவாக்குகின்றன. மண்ணும் வளம் பெறுகிறது. பெருங்காயம் பல நூற்றாண்டுகளாக ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து வந்து சேர்கிறது; இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிடும் முயற்சி 2020 அக்டோபரில்தான் தொடங்கியது. உழவரும் வணிகரும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் சேர்ந்து அளித்ததையே ஒரு குடும்பம் உண்கிறது. இந்தக் கடனை உணர்ந்து உண்பதே வேள்வி மனப்பான்மை. பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் தனக்கென மட்டும் சமைப்பவனைக் கண்டிப்பதும் இக்கருத்திலேயே.

கடன் யாருடையது?

மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், அறியாமலேயே உயிர்கள் மாயும் ஐந்து இடங்கள் வீட்டில் உண்டு என்கிறது. அவை அடுப்பு, அரைக்கும் கல், துடைப்பம், உரலும் உலக்கையும், நீர்க்குடம். இதற்குக் கழுவாயாகவே ஐந்து பெருவேள்விகள் விதிக்கப்பட்டன. பெண்களைப் பற்றி அந்நூல் கூறும் பல விதிகளை இன்றைய மனசாட்சி ஏற்பதில்லை. ஆயினும் இந்த இடத்தில் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஐந்து கருவிகளையும் கையாள்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஆனால் கடன் எழுதப்பட்டிருப்பது இல்லறத்தானின் பெயரில். அடுக்களையில் நிகழ்வதற்கு அங்கே நிற்பவர் மட்டுமல்லர், அதனால் வாழ்பவரும் பொறுப்பாளி என்பதே இதன் உட்பொருள்.

நடைமுறையோ வேறாக இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019-இல் ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றில் செலவிட்டனர். 2024-இல் இவை முறையே 289, 88 நிமிடங்களாயின. இரு தரப்பினரின் நேரமும் சற்றுக் குறைந்தது. இடைவெளி ஏறத்தாழ அப்படியே நின்றது.

உபதேசம் யாருக்கு?

அலுவலகத்திலிருந்து மாலை ஏழு மணிக்குத் திரும்பும் ஒரு பெண் உடனே அடுப்படிக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தால் தயாராகிறது. உண்பவர்கள் உப்பு குறைவு என்கின்றனர், வேறெதுவும் சொல்வதில்லை. அவள் மனம் வருந்தினால், "பலனை எதிர்பாராமல் செய்வதல்லவா கர்மயோகம்?" என்று அறிவுரை கிடைக்கிறது.

அறிவுரையில் பிழையில்லை, அது பிறக்கும் வாய்தான் பிழையானது. பலனில் பற்று வைக்காதே என்பது செயல் புரிபவர் தம் மனத்திற்குத் தாமே கூறிக்கொள்ள வேண்டிய சொல். செயலின் பயனை அனுபவிப்பவர் அதைக் கூறும்போது, அது தம் நன்றியின்மைக்கு அவர் தேடிக்கொள்ளும் நியாயமாகிவிடுகிறது. ஈகையில் கொடுப்பவர் கணக்கு வைக்கலாகாது, பெறுபவரோ மறக்கலாகாது. இரண்டும் ஒரே அறத்தின் இரு பகுதிகள். மேலும், துறவு என்பது வேறு வழி இருந்தும் மனமுவந்து மேற்கொள்வது. மறுக்கும் உரிமையே இல்லாத ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது துறவன்று, கட்டாயம். பருப்பு வேகுமுன் புளியைச் சேர்ப்பது போன்றதே, நியாயம் கிடைக்குமுன் ஒருவருக்குப் பற்றின்மையைப் போதிப்பதும்.

அன்புள்ள இடத்தில் நிமிடக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அன்புடன் சமைப்பவர் கணக்குப் பார்ப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அன்பு ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை. அன்புடன் உண்பவர் கணக்குப் பார்க்கவே செய்வார்: இன்று அவர் எப்போது எழுந்தார், எப்போது அமர்ந்தார், அவருக்கெனப் பாத்திரத்தில் என்ன மிஞ்சியது என்றெல்லாம் அவர் மனம் கேட்கும். ஒருவர் வெளியே பொருளீட்ட, மற்றவர் வீட்டைக் காப்பது ஒரு பங்கீடுதானே என்றும் கேட்கலாம். இருவரும் மனமொப்பி, இருவருக்கும் ஓய்வு கிடைக்குமாயின் அது நேர்மையான பங்கீடே. இருவரும் பொருளீட்டும் வீட்டில் அந்த வாதம் நிற்காது.

பொதுப் பந்தியும் வீட்டு அடுப்பும்

அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் நாள்தோறும் 50,000-க்கும் மேற்பட்டோர் உணவருந்துகின்றனர். அங்கே ஆண்களும் பெண்களும் பெரும் அண்டாக்களில் தாலைக் கிளறுகின்றனர். முன்பின் அறியாதவர் உண்ட தட்டுகளைக் கழுவுகின்றனர். அதைப் பெறற்கரிய பேறாகக் கருதுகின்றனர். நம் நாட்டில் பல ஆசிரமங்களிலும் சமையற்கூடப் பணி பிரம்மசாரிகளின் பயிற்சியில் ஒரு பகுதியாகவே உள்ளது. பொதுப் பந்தியில் பரிமாறத் தயங்காத எத்தனையோ ஆண்கள், தம் வீட்டில் ஒரு தட்டைக் கழுவுவதைத் தாழ்வாக எண்ணுவது ஏன்?

பொதுச்சேவையை நால்வர் காண்கின்றனர். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அதன் பெயரே கௌரவம் தருகிறது. வீட்டு அடுப்படியில் இவை எதுவும் இல்லை. இன்று செய்தது இரவுக்குள் தீர்ந்து, நாளை மீண்டும் தொடங்க வேண்டும். ஆகவே அகங்காரத்திற்கு அங்கே தீனி இல்லை. சேவை மனப்பான்மை மெய்யானதா என்பதை உரசிப் பார்க்க இதைவிடச் சிறந்த கல் வேறில்லை. அந்தப் பயிற்சியை வாழ்நாள் முழுதும் ஒருவருக்கே விட்டுவிடுவோர் அவருக்கு அநீதி இழைக்கின்றனர். தாமும் ஒரு சாதனையை இழக்கின்றனர்.

சமைத்தல் வேள்விதான். ஆனால் வேள்வியின் பயனில் பங்கு கொள்பவர் அதன் உழைப்பிலும் பங்கு கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் பருப்பைக் களையலாம், ஒருவர் தாளிக்கலாம், உண்டபின் பாத்திரங்களை வேறொருவர் துலக்கலாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், ஆண் குழந்தைகள் உட்பட, ஒரு பருப்பையேனும் பக்குவமாகச் சமைக்கக் கற்றுக்கொள்வது நல்ல தொடக்கம். சீரகம் கருகாமல் இருக்க எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைத் தம் கையால் ஒருமுறை அறிந்தவர், உப்பு குறைந்த நாளில் எழுந்து சென்று உப்பைத் தாமே எடுத்துக்கொள்வார்.