கொலை மறுத்தலும் சோதனை எலியும்

தோல் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதை மருத்துவம் பெரும்பாலும் எலியின் முதுகில்தான் கற்றது. மயிர் மழித்த முதுகில் ஒரு நச்சுப் பொருளை வாரம் இரு முறை தடவுவார்கள். கட்டி எழும் வரை காத்திருப்பார்கள். பிறகு அந்த உயிரைக் கொன்று, தோலை அரைத்து, அதில் என்னென்ன மாறியிருக்கிறது என்று அளப்பார்கள். நோயாளி ஒருவரைக் காப்பதற்காக, நோயே இல்லாத வேறோர் உயிருக்கு நோயை உண்டாக்கலாமா என்பது இதிலிருந்து எழும் அறக்கேள்வி. கொங்கு நாட்டில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. கொல்லாமையைப் பற்றி மட்டுமே பேச ஒரு நூல் செய்த சாந்தலிங்க சுவாமிகளின் மடம் கோவையை அடுத்த பேரூரில் இருக்கிறது. சமணம் பல நூற்றாண்டுகள் செழித்திருந்த விஜயமங்கலமும் சீனாபுரமும் ஈரோட்டுப் பக்கம் உள்ளன. கோவை நகரமோ இன்று தென்னிந்தியாவின் பெரிய மருத்துவ நகரங்களுள் ஒன்று.

கேள்வியை நியாயமாக எடைபோட, அந்தச் சோதனை எதைக் காட்டியது என்பதை முதலில் அறிய வேண்டும். 1775-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு வரும் ஒருவகைத் தோல் புற்றுக்குக் கரியே காரணம் என்று எழுதினார். அது உண்மை என்று சோதனையில் காட்ட 140 ஆண்டுகள் ஆயின. 1915-இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். தாரில் உள்ள பொருள்களைப் பிரித்தறிந்தபின் முயலின் இடத்துக்குச் சுண்டெலி வந்தது. டிஎம்பிஏ என்ற வேதிப்பொருளை ஒரே ஒரு முறை தடவினால் எலியின் தோல் செல்களில் மரபணு மாற்றம் நிகழ்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதன்மேல் வாரந்தோறும் நேர்வாள எண்ணெயைத் தடவிவந்தால் சில வாரங்களில் மருக்கள் எழுகின்றன. அவற்றுள் சில புற்றாக முற்றுகின்றன. சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான் இது. புற்று ஒரே அடியில் வருவதில்லை, விதைப்பு ஒன்றும் வளர்ப்பு ஒன்றுமாக இரு கட்டங்களில் வருகிறது என்ற அடிப்படை அறிவு இப்படிக் கிடைத்தது.

இரண்டு கட்டங்களிலும் ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு. செல் மூச்சுவிடும்போதே ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி அடங்காத மூலக்கூறுகளாக மாறுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், புகை, ஆறாத அழற்சி ஆகியவை அந்த அளவைக் கூட்டுகின்றன. அவற்றை அடக்க உடல் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளை வைத்திருக்கிறது. அடக்கும் ஆற்றலை மீறி இம்மூலக்கூறுகள் பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அப்போது மரபணுவின் குவானின் எழுத்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. செல் பிரியும்போது அதற்கு எதிரே சைட்டோசின் அமர வேண்டிய இடத்தில் அடினின் அமர்ந்துவிடுகிறது. ஓர் எழுத்துப் பிழை நிலைத்துவிடுகிறது. அப்பிழை ராஸ் மரபணுவில் விழுந்தால் செல் ஓயாமல் பெருகலாம். பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணுவில் விழுந்தால் காவலே போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இத்துறையில் நெடுங்காலம் உழைத்த இடங்களுள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை ஒன்று. டிஎம்பிஏ தடவிய வெள்ளைச் சுண்டெலிகளில் எந்தத் தாவரப் பொருள் கட்டியைத் தடுக்கிறது, நொதிகளின் அளவு எப்படி மாறுகிறது என்பது அங்கே திரும்பத் திரும்ப ஆராயப்பட்டிருக்கிறது. ஈரோட்டுக்காரர்களுக்கு நெருக்கமான மஞ்சளும் இவ்வழியே வந்ததுதான். மஞ்சளின் குர்குமின், நேர்வாளத்திலிருந்து எடுத்த வளர்ப்புப் பொருளின் வேலையை எலித் தோலில் தடுக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே திருச்சூர் அமலா புற்றுநோய் மையத்தார் வெளிப்புற்றுப் புண் கொண்ட நோயாளிகளுக்கு மஞ்சள் களிம்பு பூசி, நாற்றமும் அரிப்பும் குறைவதைப் பதிவுசெய்திருந்தார்கள்.

இனி, மறுபக்கம். சாந்தலிங்கர் 17-ஆம் நூற்றாண்டின் வீரசைவத் துறவி. வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், அவிரோத உந்தியார் ஆகியவற்றோடு கொலை மறுத்தல் என்ற நூலையும் செய்தார். திருப்போரூர் சிதம்பர சுவாமிகள் அதற்கு உரை எழுதினார். எல்லா உடலிலும் உயிர் இருக்கிறது, அந்த உயிருக்குள் இறைவன் இருக்கிறான் என்று ஏற்கும் சைவருக்கு, எலியின் உடல் சிறியது என்பதால் அதன் உயிரும் சிறியதாகிவிடாது. வினையால் அது எலியாகப் பிறந்திருக்கலாம். அந்த வினையை நிறைவேற்றும் வேலையை யாரும் மனிதனிடம் ஒப்படைக்கவில்லை.

சமணம் இதை இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் அது வகுக்கிறது. தொல்காப்பிய மரபியலிலும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான வகுப்பு உண்டு. சமணக் கணக்கில் எலி ஐம்புலன் உயிர், யானையோடு ஒரே வரிசையில் நிற்பது. இல்லறத்தான் செய்ய நேரும் கொலை நான்கு வகை: சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலையில் நேர்வது, உழவு போன்ற தொழிலில் நேர்வது, தாக்க வருபவரைத் தடுக்கையில் நேர்வது, வேண்டுமென்றே கருதிச் செய்வது. முதல் மூன்றையும் இல்லறத்தான் இயன்ற அளவு குறைக்க வேண்டும், நான்காவதை அறவே விட வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கொலை எந்த வகை? தொழில் என்று சொல்லிப் பார்க்கலாம்; ஆனால் உழவன் கலப்பையில் புழு மாள்வதை விரும்புவதில்லை, இங்கோ கட்டி வர வேண்டும் என்பதே நோக்கம். தற்காப்பு என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் மனிதனுக்குப் புற்றைக் கொடுத்தது எலி இல்லை. நேர்மையாக வாசித்தால் இது நான்காம் வகையில்தான் விழுகிறது. நோக்கம் நல்லது என்பது செய்பவரின் மனக்கொடுமையைக் குறைத்துக் காட்டலாம். செயலை வேறு பெயரால் அழைக்க அது போதாது. அறுவை செய்யும் மருத்துவரும் வலி தருகிறாரே என்ற வாதமும் நிற்காது: அவர் தரும் வலி அந்த நோயாளியின் நன்மைக்கே. எலிக்கு அந்த நன்மை எதுவும் இல்லை.

கொங்கு நாட்டு மக்கள் வழக்கம் முழுக்கக் கொல்லாமை வழக்கமும் இல்லை. குலதெய்வக் கோயில்களில் கிடாய் வெட்டு இன்றும் நடக்கிறது. கிடாயின்மேல் மஞ்சள் நீர் தெளித்து, அது உடலைச் சிலுப்பி உத்தரவு தரும் வரை காத்திருப்பார்கள். சிலுப்பாவிட்டால் வெட்டத் தயங்குவார்கள். உயிரை எடுக்கும் இடத்திலும் உயிரிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டும் என்ற உணர்வு அதில் இருக்கிறது. பலியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1950-இலேயே இயற்றப்பட்டது. 2003-இல் அதைக் கடுமையாக அமல்படுத்த முனைந்தபோது எழுந்த எதிர்ப்பால் 2004-இல் அது நீக்கப்பட்டது. கோயில் வாசலில் சாகும் ஆட்டைப் பற்றி ஊரே விவாதித்தது. கூண்டுக்குள் சாகும் எலியைப் பற்றி அப்படி ஒரு விவாதம் நடக்கவில்லை.

எலியின் கொலையில் நோயாளிக்கும் பங்கு உண்டா? தமிழ்ச் சமணக் காப்பியமான நீலகேசியில் பௌத்தரோடு நடக்கும் வாதம் இங்கே பொருந்துகிறது. தனக்காகக் கொல்லப்படாத இறைச்சியை உண்பவருக்குக் குற்றமில்லை என்பது பௌத்தர் நிலை. உண்பவர் இருப்பதால்தான் கொல்பவர் இருக்கிறார் என்பது சமணர் விடை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலும் இதே வாதம் உண்டு. மாத்திரைக்கும் அது செல்லும். இன்று கிடைக்கும் புற்று மருந்துகள் விலங்குகளின் உடலைக் கடந்தே மனிதனிடம் வந்திருக்கின்றன. எனவே பாவம் ஆய்வாளருடையது, பயன் மட்டும் நம்முடையது என்று பிரித்துக்கொள்ள முடியாது.

நாட்டின் சட்டம் ஒரு நடுவழியைத் தேடியது. விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அதன் வழியே வந்ததுதான் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அது அறிவியல் சோதனையை அனுமதித்து, அதை மேற்பார்வையிட ஒரு குழுவுக்கும் இடம் தந்தது. சிறிய விலங்கில் அதே முடிவு கிடைக்குமென்றால் பெரிய விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னது. கருணையில் பிறந்த சட்டம் என்றாலும், எலியின் துயரத்துக்கு மாட்டின் துயரத்தைவிடக் குறைந்த மதிப்பை அது எழுதி வைத்துவிட்டது. 1998-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் விலங்குச் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இன்று விலங்கு நெறிக்குழு இருக்க வேண்டும். ரசலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகளே இக்குழுக்களின் அளவுகோல்: வேறு வழி இருந்தால் விலங்கை விடு, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி.

அளவுகோல் சரிதான், அதைக் கைக்கொள்ளும் விதத்தில்தான் தளர்ச்சி. ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்தால் எலியின் கேட்டலேஸ் ஏறியது, கட்டி குறைந்தது என்று முடியும் ஆய்வுகள் இந்தியாவில் ஏராளம். சாற்றின் பெயர் மட்டும் மாறும். முறையும் அளவீடும் முடிவும் மாறுவதில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது நல்லது என்ற எளிய நம்பிக்கையே இவற்றின் அடிப்படை. மனிதரில் அந்த நம்பிக்கை எப்போதோ ஆட்டம் கண்டுவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானபோது, ஆக்சிஜனேற்றத் தடுப்பானான பீட்டா கரோட்டினைப் பெற்றவர்களில் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. ஏற்கெனவே தோல் புற்று கண்ட 1,312 பேரிடம் அமெரிக்காவில் செலினியத்தைச் சோதித்த ஆய்வில் தோல் புற்று குறையவில்லை. ஒரு வகை கூடவே செய்தது. 2015-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், மெலனோமா என்ற தோல் புற்று கொண்ட எலிக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பானைக் கொடுத்தால் புற்று பரவுவது கூடுகிறது என்று காட்டினார்கள். அடங்காத ஆக்சிஜன் நல்ல செல்லைக் கெடுப்பது போலவே புற்றுச் செல்லையும் வாட்டுகிறது. அதைத் தணித்தால் இரண்டும் பிழைக்கின்றன. இந்த எச்சரிக்கையையும் எலிதான் தந்தது என்பதை மறைக்கக் கூடாது. விடை தெரியாத கேள்வியோடு எலியிடம் போன ஆய்வு அது. தெரிந்த விடையை இன்னொரு பட்டத்துக்காக மறுபடி கேட்கும் ஆய்வுக்கு அந்த நியாயம் இல்லை.

மாற்றுவழி வெறும் ஆசை என்றும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் பல பத்தாண்டுகள் ஆட்டு மூளையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி செய்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று கொங்கு நாட்டு முதியவர்கள் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். சிலருக்கு அது பக்கவாதத்தையும் கொடுத்தது. 2000-களின் தொடக்கத்தில் குன்னூர் ஆட்டை விட்டு, ஆய்வுக்கூடத்தில் வளரும் வீரோ செல்களுக்கு மாறியது. 1962-இல் ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த அந்தச் செல்கள் இன்றுவரை பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆடும் பிழைத்தது, ஊசியும் பாதுகாப்பானதாயிற்று. தோல் ஆய்விலும் அறுவையில் நீக்கிய மனிதத் தோலிலிருந்து வளர்த்த அடுக்குத் தோல் பல சோதனைகளில் எலியின் இடத்தைப் பிடித்திருக்கிறது. 2014-இல் இந்தியா அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதைத் தடைசெய்தது. 2023-இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தந்தது.

கொலை மறுத்தலின் கண்ணோட்டத்தில் இந்தச் சோதனை குற்றமே. நோயாளியின் கண்ணோட்டத்தில் சில சோதனைகள் இன்னும் தவிர்க்க முடியாதவை. இரண்டும் உண்மையாக இருக்கையில், மெய்ப்பிக்கும் பொறுப்பு கொல்ல அனுமதி கேட்பவருடையது. முன்பே தெரிந்த ஒன்றை மீண்டும் காட்டுவதற்காக எலி கேட்டு வரும் விண்ணப்பத்தை நெறிக்குழு நிராகரிக்க வேண்டும்.