தேவைக்கு மேலே ஒரு தையல்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் பலர். இவர்கள் வீட்டுப் பெண்கள் கிழிந்த துணிகளைச் சேர்த்துக் கையால் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அதன் நான்கு மூலையிலும் மடித்துத் தைத்த முக்கோணத் துணிப்பூக்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள்.

குளிர் தாங்க அந்தப் பூ ஒரு துளியும் உதவாது. பிறகு எதற்கு அந்த வேலை? தேவை தீர்ந்ததும் கையை உதறி எழுந்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று பழகிப்போனவர்களுக்கு இது கொஞ்சம் இடறும் கேள்வி.

கவந்தி தைப்பவர் நடுவிலிருந்து தொடங்குவதில்லை. பழைய பருத்திப் புடவையை விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து நூலோட்டுகிறார். விளிம்போடு சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறார். வரிசைக்கு வரிசை நெருக்கமாக ஓடும் நூல் துணியை லேசாகச் சுருக்கும். தடவிப் பார்த்தால் உழுத வயல் போல மேடும் பள்ளமும் தட்டுப்படும். பெரிய துண்டின் மேல் சின்னத் துண்டு, அதன்மேல் இன்னும் சின்னது என்று ஏற்றிய இடங்கள் தடித்து நிற்கும். கிறிஸ்தவர் வீட்டுப் போர்வையில் சிலுவை வரும், முஸ்லிம் வீட்டில் பிறை. கடைசித் துண்டால் நடுவை மூடுமுன் நாலு அரிசி மணியை உள்ளே போடுவது சிலரிடம் வழக்கம். போர்வையின் வயிறு காயக் கூடாதாம்! யார் கண்ணிலும் படாத அலங்காரம் அது.

1880களின் அமெரிக்காவில் பரவிய ‘கிரேஸி குயில்ட்’ இதற்கு எதிர்க்கோடி. பட்டையும் வெல்வெட்டையும் கோணல்மாணலாக வெட்டி இணைத்து, ஒவ்வோர் இணைப்பின் மேலும் ஃபெதர் ஸ்டிட்ச், ஹெர்ரிங்போன் ஸ்டிட்ச் என்று பூவேலை செய்தார்கள். பெரும்பாலும் உள்ளே பஞ்சுகூடக் கிடையாது. வரவேற்பறை சோபாவில் விரித்துவைக்கத்தான். பவிசுக்குச் செய்த வேலை என்று கேலி செய்யலாம். பாதிக் கேலி நியாயம்தான்.

மீதிப் பாதிக்குப் பதில் ஹொனலுலுவின் இயோலானி அரண்மனையில் இருக்கிறது. 1893இல் ஆட்சி பறிக்கப்பட்ட ஹவாய் அரசி லிலியுவோகலானியை 1895இல் அங்கே ஓர் அறையில் மாதக்கணக்கில் சிறைவைத்தார்கள். துணைக்கு இருந்த பெண்ணோடு சேர்ந்து அவர் தைக்கத் தொடங்கியது ஒரு கிரேஸி குயில்டைத்தான். ஒன்பது கட்டங்கள். நடுக்கட்டத்தில் ஹவாய்க் கொடிகள். சிறைப்பட்ட செய்தியும், போர்வையை அங்கேதான் தொடங்கினோம் என்ற குறிப்பும் நூலெழுத்தில். செய்தித்தாள் மறுக்கப்பட்டவர், தன் பக்கத்துச் செய்தியைத் தைத்தே வைத்துவிட்டார். தேவைக்கு மிஞ்சிய வேலை என்று அதைத் தள்ளிவிட முடியுமா? அரிசி மணியை ஒளித்துவைத்த சித்திப் பெண்ணின் கையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பயன் என்ற அளவுகோல் இரண்டு பேருக்குமே குட்டை.

பழைய துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்கும் நம் வீடுகளிலும் ஒரு கவந்திக்காக இரண்டு பருத்திப் புடவையை ஒதுக்கி வைக்கலாம். பாலியஸ்டர் கலக்காதீர்கள், துவைத்தால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. முழுப் போர்வைக்குப் பொறுமை இல்லையென்றால் குழந்தையைக் கிடத்தும் விரிப்பளவு போதும். கையாலேயே தையுங்கள். இயந்திரத்தில் தைத்தால் அந்த மேடுபள்ளம் அதேபோல் வராது.