உங்கிட்ட மட்டுந்தான்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் போர்வெல் போடும். வண்டிக்குத் தவணை, டீசலுக்குக் கடன், நாலு பேர் சேர்ந்த கூட்டு. அப்படி ஒரு கூட்டில் இருந்த என் பள்ளிக்கால நண்பன், மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை என்று ஒருநாள் இரவு என்னிடம் சொன்னான். "மாப்ளே, உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

ஒரே வாரத்தில் அவன் கூட்டாளி ஒருவரிடம் சொல்லிவிட்டேன். உதவி கிடைக்கட்டுமே என்றுதான் சொன்னேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தது. கூட்டாளிகள் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வண்டி கைமாறிப் போனது.

அதன் பிறகு புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். 1925இல் ராஜாஜி தொடங்கிய அந்த ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் பெரியார். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், இன்னொருவர் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1938 இந்தி எதிர்ப்பில் ராஜாஜியின் அரசே அவரைச் சிறையில் அடைத்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் குலக்கல்வி என்று சாடி ஊர் ஊராக எதிர்த்தார். கொள்கையில் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் 1949 மே மாதம் திருவண்ணாமலையில் இருவரும் தனியாகச் சந்தித்தார்கள். ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தார். ராஜாஜி கொடுத்த யோசனைதான் இது என்று பேச்சு கிளம்பியது. திருமணத்தையொட்டிச் செப்டம்பரில் பெரியாரின் திராவிடர் கழகம் உடைந்து திமுக பிறந்தது. அந்தத் திருமணம் வேண்டாம் என்றுதான் ராஜாஜி எழுதியிருந்தார் என்பது, இருவரும் மறைந்த பிறகு அவருடைய கடிதம் வெளிவந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தரங்கமாக வந்த கடிதத்தைப் பெரியார் காட்டவில்லை. பழியைச் சுமந்த ராஜாஜியும் வாய் திறக்கவில்லை.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. மேடையில் எதிர்ப்பதற்குத் துணிச்சல் போதும். எதிரணியில் இருப்பவன் நம்பிச் சொன்னதை இருபது வருஷத்துக்கு மேல் காப்பதற்கு வேறு ஒன்று வேண்டும். கணக்கில் ஒரு ரூபாய் தவறாத நான் என்னை நேர்மையானவன் என்றே நினைத்திருந்தேன். நண்பன் சொல்லை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

1972 டிசம்பரில் ராஜாஜியின் உடல் எரிந்த இடத்தில், 93 வயதுப் பெரியார் தேம்பி அழுதார்.

போன மாதம் என் நண்பனின் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. எங்கள் பக்கம் வேண்டியவர்களுக்கு வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைப்பார்கள். எனக்குத் தபாலில் வந்தது.