பிள்ளையின் சொல்லும் பெற்றோர் சம்மதமும்

பிள்ளையைப் பேணுங் கடமை பெற்றோர்க்கே உரியது என்பதை மறுப்பாரிலர். ஆயின், மனநோயுற்ற பிள்ளையை வைத்தியசாலையில் நெடுநாள் வைத்தற்கு அவர் சம்மதம் ஒன்றே போதுமோ? பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டல் வேண்டாவோ? உபாத்தியாயராகிய நாம் ஆராயத்தக்க வினா இது.

ஐக்கிய அமெரிக்காவில் ஜோர்ஜியா மாகாணத்திலே, 1970ஆம் ஆண்டில், 6 வயதுச் சிறுவன் ஒருவன் தாயின் வேண்டுகோளின்படி அரசினர் மனநோய் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டான். ஆண்டுகள் சில கழிந்தபின், அவன்பொருட்டும், அவனைப் போன்ற வேறொரு பிள்ளையின்பொருட்டும் வழக்குத் தொடரப்பட்டது. கீழ்மன்று பிள்ளைகள் பக்கந் தீர்த்தது. 1979இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்று அதனை மாற்றிற்று. பெற்றோர் இயல்பாகவே பிள்ளையின் நலம் நாடுவர். ஆதலின் நீதிமன்று போன்ற விசாரணை வேண்டுவதில்லை. நடுநிலையுள்ள வைத்தியர் ஒருவர் பிள்ளையோடும் பேசி ஆராய்ந்து, தகாதவிடத்து மறுக்கும் அதிகாரமும் உடையராயின் அமையும் என்பது அதன் துணிபு. நியாயாதிபதி பிரென்னன் உள்ளிட்ட மூவர், சேர்த்த பின்னராயினும் விசாரணை வேண்டுமென வேறுபட்டனர்.

யாம் அம்மூவர் பக்கமே நிற்போம். பெற்றோர் அன்பை ஐயுற்றன்று. பலநாள் உறங்காது களைத்த அன்பும் அன்பே. ஆயினும் களைப்பு, பிள்ளைக்கு வேண்டியது இது, தமக்கு வேண்டியது இது எனப் பிரித்தறிய விடாது. இனி, அவ்வழக்கின் மற்றைப் பிள்ளைக்குப் பாதுகாவலர் பெற்றோரல்லர், அரசினர் உத்தியோகத்தரே. அவர்க்கும் அவ்வனுமானத்தையே நீதிமன்று ஏற்றிற்று. கடிதக் கட்டிலே பிள்ளையைக் காண்பார்க்குத் தாயன்பை ஏற்றிக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

நோயுற்ற பிள்ளையின் சொல் பிதற்றலன்றோ எனின், அற்றன்று. மருந்தில் நஞ்சுண்டென்று அஞ்சும் பிள்ளை, இரவில் தன்னை ஒருவன் அடித்தான் என்றுங் கூறலாம். முன்னது நோயின் சொல்லாயின், பின்னதும் அதுவேயென்று தள்ளிவிடுதல் நீதியாகுமோ? ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி ஆராய்தல் வேண்டும். (நோயில்லாத மாணாக்கனையே காரணங் கேளாது தண்டிப்பார் நம்முள்ளும் உளர்.)

இங்கிலாந்திலே, 2007இல் திருத்திய சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 16, 17 வயதினருள் தாமே துணியும் ஆற்றலுடையார் ஒருவர் வைத்தியசாலையிற் சேர மறுப்பின், பெற்றோர் சம்மதத்தைக் காட்டி அவரைச் சேர்த்தலாகாது. கட்டாயமாக வைத்தல் இன்றியமையாததாயின் மனநலச் சட்ட விதிகளின்படியே வைத்தல் வேண்டும். அப்பொழுது அவர் நடுவர் மன்றுக்கு முறையிடலாம். 18 வயதிற் குறைந்தாரை அவர் பராயத்துக்கேற்ற இடத்தில் வைத்தலும் 2010 முதல் வைத்தியசாலையார்க்குக் கடமையாயிற்று.

நல்ல விதிகளே. எனினும், 6 வயதுச் சிறுவனுக்கு முன்னைய விதி உதவாது. அவனுக்காகப் பேசுதற்குப் பெற்றோரும் வைத்தியரும் அல்லாத ஒருவர் வேண்டும். ஜோர்ஜியாச் சிறுவனோ, உச்ச நீதிமன்றின் தீர்ப்பு வருமுன்னரே இறந்துபோனான்.