சமமாய் முடிந்த ஆட்டம்



வேலை விட்டு வந்த இருவர் கழகத்தில் சதுரங்கம் ஆடுகிறார்கள். மூன்று மணி நேரமாகியும் ஒருவர் ராஜாவை ஒருவர் மடக்கக் கூடவில்லை. ஒருவர் காயை நகர்த்திவிட்டு, "சமமாய் முடித்துக்கொள்வோமா?" என்கிறார். மற்றவர் கை கொடுக்கிறார். ஆளுக்கு அரைப் புள்ளி. இதில் யாருக்கு அவமானம்? 2024-ல் சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது, ஆடிய 14 ஆட்டங்களில் 9 ஆட்டங்கள் சமமாய் முடிந்தவைதாமே!

அந்த விளையாட்டின் விதியைக் கவனியுங்கள். சமம் கேட்கிறவன் முதலில் தன் காயை நகர்த்த வேண்டும். அப்போது ஓடுவது அவனுடைய கடிகாரமே. கேட்டபின் சொல்லைத் திரும்ப வாங்கவும் முடியாது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை, ஒரு சுவருக்காக வழக்காடும் அண்ணன் தம்பிமார் எத்தனை பேர்! ஒரே பூசை காண்கிறார்கள். வேறு வேறு வாசலால் வெளியேறுகிறார்கள். "அவன் முதலில் வரட்டும்" என்று இருவரும் காத்திருக்க, ஆயுசின் கடிகாரம் இருவருக்கும் ஓடுகிறது.

சதுரங்கக்காரரின் பாதுகாவலியான அவிலா அர்ச். தெரேசம்மாள், பரலோக இராஜாவையே பணியவைக்கும் ராணி தாழ்ச்சி என்று தம் கன்னியருக்குப் போதித்தார். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு, முந்தச் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் கட்டளையிட்டார்.

ஆகையால், வரும் ஞாயிறு பூசைக்கு முன்பே அந்தக் கதவைத் தட்டுங்கள். சுவரில் பாதி போனாலும் போகட்டும். சகோதரன் முழுதாய்க் கிடைப்பான். ஆமென்.