ஊரின் பெயரைச் சொல்ல ஏன் தயக்கம்?

பசறைப் பக்கத்திலோ அப்புத்தளைப் பக்கத்திலோ ஒரு லயத்தில் பிறந்து, உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தி, யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையிடம் முதல் நாளே கேட்கப்படும் கேள்வி, “ஊர் எது?” என்பதாகும். பலர் “பதுளை” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். தோட்டத்தின் பெயர் வாயில் வருவதில்லை. இது பொய்யன்று, முழு உண்மையுமன்று. அப்படியானால் இது குற்றமா?

புதிய இடத்தில் மனம் தடுமாறுவது இயல்பே. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954ஆம் ஆண்டு ஆற்றிய உரையொன்றில் இதனைப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என விளக்கினார். எப்போது வணக்கம் சொல்வது, எப்போது சிரிப்பது என்று நாம் எண்ணாமலே அறிந்திருந்த அடையாளங்கள் திடீரென மறைந்துபோவதே இதன் காரணம் என்றார். 1959இல் கென்யாவிலிருந்து விமானத்தில் அமெரிக்கா சென்ற 81 மாணவர்கள், நிறவேற்றுமை நிலவிய நாட்டிலன்றோ போய் இறங்கினார்கள்!

நம் பிள்ளைகள் கடல் கடப்பதில்லை. ஆயினும் இங்கே ‘பேசினோம்’ என்பது யாழ்ப்பாணத்தில் ‘கதைத்தோம்’ ஆகிறது. ‘ஆமா’ என்பது ‘ஓம்’ ஆகிறது. பீலித் தண்ணீரும் மலைக் குளிரும் பழகிய உடலுக்குக் கிணற்று நீரும் கொளுத்தும் வெயிலும் வாய்க்கின்றன. பேராதனையிலோ சுற்றிலும் சிங்களம் ஒலிக்கிறது. பேச்சையும் பழக்கத்தையும் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதில் தவறில்லை. தன்சானியாவின் ஜூலியஸ் நியரேரே 1949 முதல் 1952 வரை எடின்பரோவில் கற்றார், ஆங்கிலத்தில் தேர்ந்தார். பின்னர் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாகிலி மொழியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டார். அந்நிய நாட்டில் கற்றதைத் தன் மக்களின் மொழிக்கே கொண்டுவந்தார்.

ஆனால் ஊர்ப் பெயரை மறைப்பது வேறு வகை. அதன் வேர் நாணம். அந்த நாணத்தை விதைத்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு அரசுகள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன. இறுதியாக எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. தலைமுறை தலைமுறையாக ‘உனக்கு ஊரே இல்லை’ என்று கேட்டவரின் பேரப்பிள்ளைக்கு, “ஊர் எது?” என்பது சாதாரணக் கேள்வியாகுமா? ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனச் சொல் இன்னும் வழக்கொழியவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, முன்பின் அறியாதவரிடம் வாய் மூடியிருப்பதைக் குற்றமென்று நாம் சொல்லோம். ஆனால் அந்த மௌனத்தைக் காக்க நாளுக்கு நாள் மேலும் பலவற்றை மறைக்க நேரிடும். தாய் தொலைபேசியில் அழைத்தால் அறையைவிட்டு வெளியேறவும், கொழுந்து பறிக்கும் அவரை ‘வீட்டில் இருக்கிறார்’ என்று சொல்லவும் தோன்றும். அங்கேதான் எல்லை. பேச்சு மாறலாம்; பெற்றவரை மறுத்தலாகாது. அவர் சுமந்த கூடையன்றோ பிள்ளையின் கையில் புத்தகமாயிற்று!

எனினும் முழுச் சுமையையும் வந்தவர் தோளிலேயே ஏற்றுவது நீதியாகாது. கேட்பவரின் முகம் சுளிக்காவிடில் சொல்பவரின் நாவும் தயங்காது. இந்தக் கடமை இன்று நமக்கும் உண்டு. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்காக நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் பதுளைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் நம் குளிர் புதிது, நம் பேச்சு புதிது. அவர்களுடைய பேச்சைக் கேட்டு நாம் நகைத்தால், நம் பிள்ளைகள் பட்ட காயத்தையே திருப்பிக் கொடுத்தவராவோம். நகையாது, “வாங்க, ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க” என்று அழைப்போமானால், ஊர்ப் பெயரைத் தயங்காமல் சொல்லும் துணிவை அவர்களுக்கும் தருவோம். நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.